தனிய இரிக்கிற பிள்ளை

அஸர் தொழுதுவிட்டு வெளியே வந்தால் மஃரிப் பாங்குக்கு இரண்டு, இரண்டரை மணித்தியாலம் இருக்கிறது. அந்த நேரத்தில் மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரை எந்த ஊர்க் கடற்கரையில் நின்று பார்த்தாலும் ஒரு பொடியன் தென்படுவான். பந்தடிக்கிற கூட்டத்தில் அவன் இல்லை. அலைக்குள் இறங்கிக் கூச்சல் போடுகிறவர்களோடும் இல்லை. கரையேற்றி வைத்த தோணியின் நிழலில், அடம்பன் கொடி படர்ந்த மேட்டில், முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருப்பான். வயது பதினைந்தோ பதினாறோ. போகிறவர் வருகிறவரைப் பார்ப்பதுதான் அவன் வேலை. அவனைக் கடந்து போகும் பெரியவர்களில் பாதிப்பேர் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டுத்தான் போவார்கள்: "என்ன மகன், தனிய இரிக்காய்?" கேட்பது அன்பாகத்தான். ஆனால் அந்தக் கேள்விக்குள் வேறு நாலைந்து கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. டியூசனுக்குப் போகவில்லையா, வீட்டில் ஏதும் சண்டையா, கூடாத பழக்கம் ஏதும் தொற்றிவிட்டதா, யாரையாவது எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறானா? 'மகன்' என்ற விளியையும் கவனிக்க வேண்டும். 'மகள்' என்று யாரும் அங்கே கேட்பதில்லை. அந்த வயதுப் பெண்பிள்ளை கடற்கரையில் தனியே குந்தியிருப்பது நம் ஊர்களில் காணாத காட்சி.

அந்தப் பொடியன் சும்மா இருக்கிறான் என்றுதான் ஊர் நினைக்கிறது. அது பிழை என்பது என் கட்சி. தனக்கு முன்பின் தெரியாத மனிதரைப் பொறுமையாகப் பார்க்கப் பழகுவது ஒரு படிப்பு. அம்பாறைக் கரையோர ஊர்களில் அந்தப் படிப்புக்குக் கடற்கரையை விட்டால் வேறு பள்ளிக்கூடம் கிடையாது. அதைப் படிக்கிற பிள்ளையைத் துரத்தாமல் விட வேண்டும். படிக்க வழியில்லாத பிள்ளைக்கு, அதாவது நம் பெண்பிள்ளைகளுக்கு, வழி விட வேண்டும். இது ஏதோ கவிஞர்களுக்கு மட்டும் உரிய கவலை என்று ஒதுக்குகிறவர்களுக்குக் கடந்த இருபது வருடத்து ஊர் வரலாற்றையே சாட்சிக்கு அழைக்கலாம்.

முதலில் ஊரின் அமைப்பைப் பார்ப்போம். கிழக்கே கடல், மேற்கே வயல். இரண்டுக்கும் இடையில் ஒடுங்கிய ஒரு மணல் திட்டு. பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர் என்று ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்தபடி ஊர்கள் கிடக்கின்றன. ஒன்று எங்கே முடிகிறது, மற்றது எங்கே தொடங்குகிறது என்பது பெயர்ப்பலகையைப் பார்த்தால்தான் தெரியும். வயலை நிரப்பி வீடு கட்டுவது சட்டப்படி கஷ்டம், கடலை நிரப்ப முடியாது. ஆனால் ஒவ்வொரு மகளுக்கும் ஒரு வீடு கொடுத்தாக வேண்டும். தாய் வழியாக வீடு மகளுக்குப் போகும் வழக்கம் இங்கே தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொது. மூன்று குமர் உள்ள வீட்டில் வளவு மூன்றாகப் பிரிகிறது. அடுத்த தலைமுறையில் அது ஆறாகிறது. ஆறு பேர்ச் காணியில் இரண்டு வீடு என்பது இன்று அதிசயம் இல்லை. சுனாமிக்குப் பிறகு வடக்கு கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று அரசாங்கம் தடை போட்டபோது இந்தப் பகுதி மக்கள் கொதித்ததற்கு இதுவே பெரிய காரணம். கரையோரத்து வீடு வெறும் வீடு அல்ல, மகளின் வாழ்வு. தெற்கிலும் மேற்கிலும் தடை 100 மீற்றர்தான் என்றது வேறு எரிச்சல்.

இப்படி நெருங்கிய ஊரில் முற்றம் போய்விட்டது, திண்ணை போய்விட்டது, பிள்ளை தனியே குந்த ஒரு மூலை இல்லை. அதைவிட முக்கியமான இன்னொன்றும் இல்லை: அறியாத முகம். தெருவில் எதிரே வருகிறவர் மாமாவாக இருப்பார், மச்சானாக இருப்பார், இல்லையென்றால் வாப்பாவோடு படித்தவராக இருப்பார். பத்து எட்டு நடப்பதற்குள் 'இன்னாரின் மகன்', 'இன்ன குடி' என்று கணக்குப் போட்டு முடித்துவிடுவார்கள். இதில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தெரிந்தவர்களை நாம் பார்ப்பதே இல்லை. அடையாளம் காண்பதோடு சரி. பார்வை என்பது யாரென்று தெரியாத இடத்தில்தான் தொடங்குகிறது. கடற்கரையில் சம்மாந்துறையிலிருந்து வேன் பிடித்து வந்த குடும்பம் இருக்கிறது. பக்கத்து ஊர்த் தமிழ்ச் சனம் இருக்கிறது. அம்பாறையிலிருந்து வந்த சிங்களச் சோடி இருக்கிறது. பெருநாளைக்கு மறுநாள் போனால் ஊரில் பாதி அங்கேதான். ஒரு பதினாறு வயதுப் பிள்ளை, தன்னை யாரென்று கேட்காத ஒரு கூட்டத்துக்கு நடுவே, தானும் யாரையும் யாரென்று கேட்காமல் இருக்கக்கூடிய ஒரே இடம் அது.

மனிதர் மனிதரைப் பார்க்கவே கூடுகிறார்கள் என்பதை அளந்து காட்டியவர் ஒருவர் உண்டு. 1970களில் நியூயோர்க் நகரத்துச் சிறு சதுக்கங்களுக்கு மேலே கமராவைப் பொருத்தி, யார் எங்கே உட்காருகிறார்கள், எவ்வளவு நேரம், எந்தப் பக்கம் பார்த்து என்று ஆண்டுக்கணக்கில் படம் பிடித்தார் வில்லியம் வைட். 1980இல் அதைப் புத்தகமாக்கினார். ஒரு சதுக்கத்துக்கு மனிதரை இழுப்பது பூவோ சிலையோ அல்ல, மற்ற மனிதர்கள்தான் என்பது அவர் கண்ட முதல் விஷயம். உட்கார இடம் இருக்கிற இடத்தில்தான் மனிதர் உட்காருகிறார்கள் என்பது இரண்டாவது. இந்த இரண்டாவது பேருண்மை நம் பக்கத்து உள்ளூராட்சி மன்றங்களுக்கு இன்னும் எட்டியதாகத் தெரியவில்லை. கடற்கரைக்கு வளைவும் பெயர்ப்பலகையும் திறப்புவிழாக் கல்லும் கிடைத்த அளவுக்கு வாங்கு கிடைக்கவில்லை.

நம் கரைக்கு நியூயோர்க்குக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. நமது கடல் கிழக்கே பார்த்தது. மாலையில் சூரியன் வயல் பக்கம், பார்க்கிறவனின் முதுகுக்குப் பின்னால் இறங்குகிறது. வெளிச்சம் கடலிலிருந்து மேலேறி வருகிறவர்களின் முகத்தில் நேரே விழுகிறது. கொழும்புக் காலிமுகத்திடலில் மாலையில் கடலைப் பார்த்தால் மனிதர் கறுப்பு நிழலாகத்தான் தெரிவார்கள். இங்கே கண்ணிமை கூடத் தெரியும். அந்த வெளிச்சத்தில் என்ன தெரிகிறது? அபாயாவின் விளிம்பை இரண்டு விரல்கடை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஒரு மூத்தம்மா தண்ணீரின் ஓரத்துக்கு வருகிறார். முதல் அலைக்குப் பின்வாங்குகிறார். இரண்டாவதுக்கும் பின்வாங்குகிறார். மூன்றாவது அலைக்கு நின்றுவிடுகிறார். கால் நனைந்ததும் சுற்றுமுற்றும் பார்க்கிறார், யாரும் கண்டார்களா என்று. கச்சான் விற்கிறவர் பத்துக் குடும்பத்தைத் தாண்டிப் போய் பதினோராவது குடும்பத்தின் முன்னால் நிற்கிறார். ஏன் அந்தக் குடும்பம்? சின்னப் பிள்ளை சிணுங்கத் தொடங்கி அரை நிமிடம் ஆகியிருக்கிறது, தகப்பன் இன்னும் பொறுமை இழக்கவில்லை. அவருக்கு அது தெரியும். அவர் அந்தக் கரையின் தேர்ந்த பார்வையாளர். அந்த வித்தையை வைத்துத்தான் சோறு தின்கிறார். அவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் பொடியன் இரண்டாம் வகுப்பில் இருக்கிறான், அவ்வளவுதான்.

கரைவலைக்காரரும் அப்படித்தான். நூலும் கயிறும் பின்னால். முதலில் யாராவது கரையில் நின்று தண்ணீரின் நிறத்தைப் பார்க்க வேண்டும். மீன்பாடு வரும்போது கடலில் ஒரு துண்டு இருண்டு சுருங்கும்; மேலே பறவை தாழும். கண் பழகாதவருக்கு எல்லாம் ஒரே நீலம். அந்தக் கண் பழக எத்தனை நாள் கரையில் சும்மா நின்றிருக்க வேண்டும் என்பதை எந்த மீனவரும் கணக்குப் பார்த்ததில்லை. அவரிடம் போய் "ஏன் தனிய இரிக்காய்" என்று கேட்கவும் யாருக்கும் தோன்றாது. மீனுக்காகப் பார்த்தால் தொழில், மனிதருக்காகப் பார்த்தால் வெட்டி என்று பிரித்தது யார்?

தனிமை பிள்ளையைக் கெடுக்கும் என்ற பயத்துக்கு வருவோம். அமெரிக்க உளவியலாளர் ரீட் லார்சன் 1997இல் வெளியிட்ட ஆய்வொன்று இதற்குப் பதில் சொல்லும். ஐந்தாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையான 483 பிள்ளைகளிடம் ஒரு வாரத்துக்கு ஒலியெழுப்பும் கருவியைக் கொடுத்தார். அது ஒலிக்கும்போதெல்லாம் அந்த நேரத்தில் எங்கே, யாரோடு, என்ன மனநிலையில் இருக்கிறோம் என்று எழுதி வைக்க வேண்டும். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குத் தனிமை பெரும்பாலும் தாங்கள் தேடாமல் வந்த ஒன்றாக இருந்தது. பதின்ம வயதுக்குள் நுழைந்தவர்களுக்கோ அது தாங்களே தேடிப் போகிற ஒன்றாக மாறியிருந்தது. அந்த வயதில் அளவாகத் தனித்திருந்தவர்கள், எப்போதும் கூட்டத்தில் இருந்தவர்களையும் எப்போதும் தனித்தே கிடந்தவர்களையும் விட நல்ல நிலையில் இருந்தார்கள். வேறு நாட்டு, வேறு சூழல் பிள்ளைகள்தான். அப்படியே கல்முனைக்குடிக்குப் பொருத்த முடியாது. ஆனால் 'தனிமை என்றாலே கேடு' என்ற நம் முடிவுக்கு அதைவிடப் பலமான ஆதாரம் எதுவும் நம் கையிலும் இல்லை. பள்ளிக்கூடம், டியூசன், குர்ஆன் மத்ரஸா, மறுபடி டியூசன் என்று விடியலிலிருந்து இரவு வரை கூட்டத்துக்குள்ளேயே அடைத்து வைக்கும் ஒரு பிள்ளைக்கு மாலையில் ஒரு மணித்தியாலம் அளவுக்கு மிஞ்சிய தனிமை என்று சொல்வது வேடிக்கை.

அடுத்த ஆட்சேபம் மார்க்கத்தின் பெயரால் வரும். பார்வையைத் தாழ்த்தச் சொல்லியிருக்க, வழியில் குந்தியிருந்து மனிதரை வேடிக்கை பார்ப்பது கூடுமா? பாதையோரத்தில் உட்காருவது பற்றிய நபிமொழி நம் பள்ளிவாசல்களில் அடிக்கடி சொல்லப்படுவதுதான். அதை முழுமையாகச் சொன்னால் இந்த ஆட்சேபத்துக்குப் பதில் அதற்குள்ளேயே இருக்கிறது. பாதையில் உட்காருவதைத் தவிர்க்கும்படி சொல்லப்பட்டபோது, அது எங்களுக்குத் தவிர்க்க முடியாதது, அங்கேதான் பேசிக்கொள்கிறோம் என்று தோழர்கள் முறையிட்டார்கள். அப்படியானால் பாதைக்கு அதன் உரிமையைக் கொடுங்கள் என்பது வந்த பதில். பார்வையைத் தாழ்த்துவது, யாருக்கும் தொல்லை தராமல் இருப்பது, சலாத்துக்குப் பதில் சொல்வது, நல்லதை ஏவித் தீயதைத் தடுப்பது. ஆக, உட்காருவதற்கு ஒரு ஒழுக்கம் வகுக்கப்பட்டது. முறைத்துப் பார்ப்பதும் கவனிப்பதும் ஒன்றல்ல என்பது நம் உம்மாமாருக்குத் தெரியும். பிள்ளைக்கு அந்த வித்தியாசத்தைச் சொல்லிக் கொடுப்பதும் அவர்களால் ஆகும். அந்த மூத்தம்மா திரும்பிப் பார்க்கும் கணத்தில் கண்ணை எடுத்துவிடுகிற பொடியன் பாதையின் உரிமையைக் கொடுத்துவிட்டான்.

இதற்குள் ஒரு பிரச்சினை இருக்கிறது. அது மார்க்கத்தைவிடக் கடினமானது. 2019க்குப் பிறகு அந்நியரைப் பார்ப்பது என்ற செயலின் பொருளே நம் கரையில் மாறிவிட்டது. ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்கு ஐந்து நாள் கழித்து, 26ஆம் திகதி இரவு, சாய்ந்தமருதில் அந்தத் தாக்குதலோடு தொடர்புடையவர்கள் தங்கியிருந்த ஒரு வாடகை வீடு வெடித்துச் சிதறியது. உள்ளே குழந்தைகளும் இருந்தார்கள். அந்த வீட்டுக்கு வந்திருந்தவர்களைப் பற்றிப் பாதுகாப்புத் தரப்புக்குத் தகவல் கொடுத்தது ஊர்ச் சனம்தான். ஊரின் வழக்கம் தெரிந்த கண்ணுக்கே வழக்கம் பிசகுவது தெரியும். இதை ஊரின் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம், சொல்லிக்கொள்ளவும் வேண்டும். ஆனால் அன்றிலிருந்து இரண்டு பக்கமும் ஒரு வியாதி பிடித்துக்கொண்டது. அந்நியரைக் கண்டால் ஊர் சந்தேகிக்கிறது. பார்த்துக்கொண்டு நிற்கும் முஸ்லிம் இளைஞனைக் கண்டால் அரசாங்கம் சந்தேகிக்கிறது. 2024 ஒக்டோபர் 23இல் பொத்துவில் அறுகம்பே பகுதியில் உல்லாசப் பயணிகள் மீது தாக்குதல் நடக்கலாம் என்று அமெரிக்கத் தூதரகம் தன் பிரஜைகளை எச்சரித்தது. அதன் பிறகு பொத்துவில் கரையெங்கும் காக்கிச் சட்டை. அலைச்சறுக்கு வெள்ளைக்காரரை வேடிக்கை பார்ப்பதே பொழுதாக வளர்ந்த பிள்ளைகளுக்கு, அதே வேடிக்கை ஒரே இரவில் ஆபத்தான காரியமானது.

இந்தப் பயத்துக்கு விலையாக ஒரு இளம் கவிஞர் பத்தொன்பது மாதம் கொடுத்தார். மன்னாரைச் சேர்ந்த அஹ்னாப் ஜஸீம் 'நவரசம்' என்ற கவிதைத் தொகுதிக்காக 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். 2021 டிசம்பரில் பிணை. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. தமிழ்க் கவிதையைச் சரியாக வாசிக்கத் தெரிந்த ஒருவர் விசாரணையின் முதல் நாளே பக்கத்தில் இருந்திருந்தால் விஷயம் ஒரு பிற்பகலில் முடிந்திருக்கும். சந்தேகக் கண் தனக்கு முன்பே தெரிந்ததைத்தான் தேடும். தேடியது கிடைக்கும் வரை விடாது. தோணி நிழலில் இருப்பவனின் கண்ணுக்கு எதையும் கண்டுபிடிக்க வேண்டிய அவசரம் இல்லை. அதனால்தான் அது ஒரு மனிதரை முழுவதாகப் பார்க்கிறது. சந்தேகிக்காமல் கவனிக்கத் தெரிந்தவர்கள் குறைந்த சமூகம்தான் கூடுதலாகப் பயப்படுகிறது. இந்தப் பழக்கத்தை ஏற்படுத்தாமல் வெறும் கண்காணிப்புக் கமராக்களை மட்டும் கூட்டினால் பயம் தீராது, பயத்துக்குப் படம் கிடைக்கும்.

இங்கே ஒரு சின்னக் குத்தல். டெனிஸ் மெக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1969இல் அக்கரைப்பற்றுக்கு வந்தார். குடி முறை, சீதன வீடு, கோயில், தர்கா, கடற்கரைப்பள்ளிக் கொடியேற்றம் என்று எல்லாவற்றையும் குந்தியிருந்து பார்த்தார். போனார், திரும்ப வந்தார், திரும்பத் திரும்ப வந்தார். ஏறத்தாழ நாற்பது வருடம் கழித்து 2008இல் அந்தப் பார்வை தடித்த புத்தகமாக வெளிவந்தது. நம் சமூகத்தைப் பற்றி எழுதுகிற எவரும் அதைத் தாண்டிப் போக முடியாது. வேற்றூரான் வந்து நம்மைப் பார்த்தால் அதன் பெயர் ஆய்வு. தேநீர் கொடுத்து, கதிரை போட்டு, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லியிருக்கிறோம். நம் பிள்ளை நம்மைப் பார்த்தால் மட்டும் அதன் பெயர் வெட்டிப்பொழுது. ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம் தொடங்கி முப்பது வருடமாகிறது. அடுத்த மெக்கில்வ்ரே அங்கிருந்து, இந்த ஊர்களுக்குள்ளிருந்து வர வேண்டும் என்றால் அவருக்கு இப்போது பதினைந்து வயது. பெரும்பாலும் எங்காவது தனியே குந்தியிருப்பார்.

கவனிப்பு உயிரைக் காக்குமா என்ற கேள்வியை இந்தக் கரையில் லேசாக எடுக்க முடியாது. 2004 டிசம்பர் 26 காலை சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் நிலம் பிளந்து ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் கழித்து அலை இங்கே வந்தது. இலங்கையில் இறந்த, காணாமல் போன 35,000 பேரளவில், அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேல்; மாவட்டங்களுக்குள் இதுவே மிகப் பெரிய இழப்பு. அதே காலை தாய்லாந்தின் மாய் காவ் கடற்கரையில் டில்லி ஸ்மித் என்ற பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி, கடல் வழக்கத்துக்கு மாறாக நுரைத்துக் கொப்பளிப்பதைக் கண்டாள். இரண்டு கிழமைக்கு முன் பூகோள பாடத்தில் படித்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. பெற்றோரைப் பிடித்து இழுத்தாள். சுமார் நூறு பேர் கரையை விட்டு ஓடித் தப்பினார்கள். இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, 'பாருங்கள், பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை காப்பாற்றியது' என்று முடிப்பது சுலபம். ஆனால் நேர்மையாகப் பேசினால், நம் பக்கம் அந்த அடையாளமே வேறு மாதிரி. தட்டு நகர்ந்த விதத்தால் தாய்லாந்துப் பக்கம் கடல் முதலில் உள்வாங்கியது. மேற்கே நம் பக்கம் முதலில் ஏறிய நீர்தான் வந்தது. எந்தப் பிள்ளையும் கரையில் நின்று நமக்கு அந்த அவகாசத்தை வாங்கித் தந்திருக்க முடியாது. அதற்கு எச்சரிக்கை முறை வேண்டும். இந்து சமுத்திரத்தில் அன்றைக்கு அது இருக்கவில்லை. டில்லியின் கதையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. வகுப்பில் கேட்டது அவளுக்குக் கடற்கரையில் கண்ணாக மாறியிருந்தது. நம் பிள்ளைகள் புவியியலில் 'ஏ' எடுக்கிறார்கள். அந்தப் புத்தகத்தையும் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கடலையும் அவர்கள் இணைக்க நாம் மாலை நேரம் விடுவதில்லை.

போதைப்பொருள் பற்றிய பயம் பொய்யல்ல. கரையோரத்தில் ஐஸ் எவ்வளவு சுலபமாகக் கைமாறுகிறது என்பது எல்லாப் பெற்றோருக்கும் தெரியும். தனியே இருக்கும் பிள்ளையைத்தான் விற்கிறவன் முதலில் அணுகுவான் என்பதும் உண்மை. ஆனால் அதற்கு மருந்தாகப் பிள்ளைகளைக் கரையிலிருந்து விரட்டினால் கரை விற்கிறவனுக்கே மிஞ்சும். ஆள் நடமாட்டமும் வெளிச்சமும் வாங்கும் தேநீர்க் கடையும் உள்ள இடத்தில் அவனால் நிற்க முடியாது. மற்றது, மௌனமாக இருக்கிற எல்லாப் பிள்ளையும் பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளை அல்ல. சில பிள்ளைகள் உள்ளே உடைந்துபோய் இருக்கும். வித்தியாசம் தெரிந்துகொள்ளக் கஷ்டமில்லை: கவனிக்கிற பிள்ளையின் கண் நகரும், சாப்பாடும் தூக்கமும் சரியாக இருக்கும், கேட்டால் ஏதாவது சொல்லும், அதுவும் சுவாரசியமாகச் சொல்லும். கண் ஓரிடத்தில் உறைந்து, சாப்பாடு குறைந்து, பிடித்ததெல்லாம் பிடிக்காமல் போன பிள்ளைக்கு வைத்தியரின் உதவி வேண்டும். அதைத் தாமதிக்கக் கூடாது. "தனிய இரிக்காய்" என்ற ஒரே கேள்வியால் இரண்டு பிள்ளையையும் அடித்தால் முதலாவது எரிச்சலடையும், இரண்டாவது இன்னும் உள்ளே போய்விடும். கைபேசியை உயர்த்தி மற்றவர்களைப் படம் பிடித்துப் போடுகிறவன் மூன்றாவது வகை. அவனை இந்த வாதத்தில் சேர்க்க வேண்டாம். கண்டித்தே ஆக வேண்டும்.

மிஞ்சியிருப்பது, தொடக்கத்தில் விட்ட பெண்பிள்ளை. பெண்கள் கரைக்குப் போவது புதுப் பழக்கம் என்று சொல்கிறவர்கள் கல்முனைக் கடற்கரைப்பள்ளிக்குப் போய்ப் பார்க்கலாம். நாகூர் ஆண்டகையின் பெயரில் ஜமாதுல் ஆகிர் பிறையோடு கொடியேறியதும் கரை முழுக்க வளையல் கடை, மிட்டாய்க் கடை. உம்மாமாரும் குமர்ப்பிள்ளைகளும் குடும்பம் குடும்பமாக வந்து மணலில் குந்தி, வருகிற சனத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கொடியேற்றத்தை ஏற்காதவர்கள் ஊரில் உண்டு. அந்த விவாதம் வேறு. ஊரே கூடும் அந்த நாட்களில் கெடாத மானம், சாதாரண ஒரு மாலையில் இரண்டு தோழியர் சேர்ந்து ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டுப் போனால் மட்டும் எப்படிக் கெடும்? சாய்ந்தமருதிலிருந்து எழுதும் அனாரின் கவிதைகளைத் தமிழகமும் கொண்டாடுகிறது. கவிஞர்கள் நுஃமானும் சோலைக்கிளியும் இதே கரையின் பிள்ளைகள்தான். அவர்கள் இளைஞராக இருந்தபோது தெருவும் கடலும் கடைத்தெருவும் அவர்களுக்குத் திறந்து கிடந்தன. ஒரு பெண் கவிஞர் இதே உயரத்துக்கு வர, ஜன்னலளவு உலகத்தை வைத்துக்கொண்டு எத்தனை மடங்கு கூர்மையாகப் பார்க்க வேண்டியிருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். திறமை ஜன்னலையும் மீறி வரும் என்பதை ஜன்னலை நியாயப்படுத்த எடுத்துக்கொள்ளக் கூடாது. பெரிய ஏற்பாடெல்லாம் வேண்டியதில்லை. மின்விளக்கு, கழிப்பறை, முதுகு சாய நாலு வாங்கு, கிண்டல் பண்ணுகிறவனை அதட்ட ஒரு பெரியவர். மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இதையெல்லாம் ஆறுதலாகச் செய்யலாம் என்று தள்ளிப்போடவும் முடியாது. கரையே குறைந்துகொண்டு வருகிறது. டென்மார்க் கடனில் 2008இல் வேலை தொடங்கி 2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் அலைதடுப்பு, வடக்கு நோக்கி நகரும் மணலை மறித்தது. துறைமுக வாயிலில் மணல் குவிந்து தோணி போக முடியாமல் அடைத்தது. வடக்கே ஒலுவிலிலும் நிந்தவூரிலும் கரை வெட்டுண்டு தென்னைகள் சாய்ந்தன. மாளிகைக்காட்டில் மையவாடியின் மதிலையே கடல் பிடித்து இழுத்தது. கடல் வீட்டு வாசலுக்கு வந்த பிறகு மக்கள் கல் கேட்டுப் போராடுகிறார்கள். கேட்காமல் என்ன செய்வது? லொறியில் பாறாங்கல் வந்து இறங்குகிறது. கல் இறங்கிய இடத்தில் கரைவலை இழுக்க முடியாது, தோணி ஏற்ற முடியாது, பிள்ளை குந்தவும் முடியாது. முழுக் கரையையும் கல்லால் அடைக்காமல் அங்கங்கே மணலுக்கு இடைவெளி விட முடியுமா, எங்கே விடுவது என்று ஒருநாள் பொறியியலாளர்கள் ஊரைக் கேட்கக்கூடும். வலை வழக்கமாக எந்த இடத்தில் கரையேறும், உம்மாமார் சின்னப் பிள்ளைகளோடு எந்தப் பக்கம் இறங்குவார்கள், மாரி காலத்தில் அலை எந்த மேடு வரை வந்து திரும்பும் என்பதெல்லாம் அவர்கள் வரைபடத்தில் இராது. தோணி நிழலில் இருக்கிற அந்தப் பொடியனிடம் கேட்டால், எழும்பாமலே கைநீட்டிக் காட்டுவான்.